கட்டணத் தொலைக்காட்சிச் சந்தாவை இணையத்தில் பகிரும் முன் சரிபார்க்க வேண்டியவை

தீபாவளி நெருங்கும் வாரங்களிலும் ஐபிஎல் கிரிக்கெட் பருவத்திலும் சிங்கப்பூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ஒரே வகையான அறிவிப்பு திரும்பத் திரும்ப வருகிறது. மாதம் சில வெள்ளி கொடுத்தால் இந்தியாவிலும் மலேசியாவிலும் ஒளிபரப்பாகும் தமிழ் அலைவரிசைகள் அனைத்தையும் பார்க்கலாம் என்றும், ஒருவர் முறைப்படி பணம் கட்டி எடுத்த சந்தாவையே பலர் பகிர்ந்துகொள்வதால் இதில் தவறு ஏதும் இல்லை என்றும் அந்த அறிவிப்பு சொல்கிறது. திருட்டு என்று தெரிந்தால் விலகிவிடக்கூடிய நல்ல குடும்பங்களையும் இணங்க வைப்பது இந்த இரண்டாவது கூற்றுதான்.

இந்த வழிகாட்டி மூன்று வகையினருக்காக எழுதப்படுகிறது. பணம் கட்டலாமா என்று யோசிப்பவர்கள் முதல் வகை. ஏற்கெனவே கட்டிப் பயன்படுத்துபவர்கள் இரண்டாம் வகை. நண்பர்களிடமும் உடன் தங்கியிருப்பவர்களிடமும் மாதாமாதம் பணம் திரட்டி விற்பனையாளருக்கு அனுப்பிவைக்கும் 'ஏற்பாட்டாளர்' மூன்றாம் வகை. உதவி செய்கிறோம் என்ற எண்ணத்தோடு முன்வரும் இவரே சட்டத்தின் பார்வையில் மற்ற இருவரைவிடவும் ஆபத்தான இடத்தில் நிற்கிறார் என்பதால், அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது.

எது விற்கப்படுகிறது என்பதை முதலில் கண்டறியுங்கள்

செயற்கைக்கோள் வழியாக வரும் கட்டணத் தொலைக்காட்சி, யாரும் பார்க்க முடியாதபடி குலைக்கப்பட்ட அலையாகவே வானிலிருந்து இறங்குகிறது. அதை மீண்டும் படமாக்குவதற்கு ஒரு சிறிய குறியீட்டுச் சாவி வேண்டும். பரவலாகப் பயன்படும் டிவிபி என்ற ஐரோப்பிய மின்னிலக்க ஒளிபரப்பு முறையில் அந்தச் சாவி ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. புதிய சாவியும் மறைகுறியாக்கப்பட்ட வடிவில் அலையோடு சேர்ந்தே வருகிறது. சந்தாதாரரின் பெட்டியில் செருகியிருக்கும் ஸ்மார்ட் கார்டு, அந்த மாதத்துக்குப் பணம் கட்டியிருந்தால் மட்டும், அதை அவிழ்த்துப் பெட்டிக்குக் கொடுக்கிறது.

கார்டு ஷேரிங் எனப்படும் பகிர்வில், இந்த அட்டை விற்பனையாளரின் இடத்தில், இணையத்தோடு இணைக்கப்பட்ட ஒரு கருவியில் இருக்கிறது. வாங்கியவரின் பெட்டி, தன் டிஷ்ஷில் கிடைத்த மறைகுறியை இணையம் வழியே சர்வர் எனப்படும் அந்தக் கருவிக்கு அனுப்புகிறது. அங்கிருக்கும் அட்டை சாவியை அவிழ்த்துத் திருப்பி அனுப்புகிறது. இவையெல்லாம் ஒரு விநாடிக்குள் முடிந்தாக வேண்டும், பத்து விநாடி கழித்து மீண்டும் நடந்தாக வேண்டும். ஆகவே, விற்பனையாளர்கள் 'லைன்' என்று அழைக்கும் பொருளுக்குள் எந்தச் சந்தாவும் இல்லை. முகம் தெரியாத ஒருவரின் கருவி ஒவ்வொரு பத்து விநாடியும் நமக்குப் பதில் சொல்லும் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே இருக்கிறது. ஆட்டத்தின் கடைசி ஓவரில் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கும்போது படம் உறைந்து நிற்பதற்கும், சில மாதங்களில் சேவை முழுவதுமாக நின்றுபோவதற்கும் இதுவே காரணம்.

நிறுவனங்களும் சும்மா இருப்பதில்லை. ஒரு வீட்டின் அட்டைக்கு ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு அலைவரிசைகளின் கோரிக்கைதான் வரும். ஐம்பது வீடுகளுக்குப் பதில் சொல்லும் அட்டை அதைவிட மிக வேகமாக உழைத்தாக வேண்டும். அட்டையைக் குறிப்பிட்ட ஒரு பெட்டியோடு மட்டும் இணைத்துப் பூட்டுவது, திரையில் அட்டையின் எண்ணைச் சில கணம் தோன்றச் செய்து கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பது, அட்டையையே கைவிட்டுப் பெட்டியின் சில்லுக்குள் பாதுகாப்பை நகர்த்துவது எனப் பல வழிகளை அவை கையாளுகின்றன. கண்டுபிடிக்கப்பட்ட அட்டை முடக்கப்பட்டதும், அதை நம்பிய அத்தனை வீடுகளிலும் ஒரே நேரத்தில் திரை இருண்டுவிடும்.

சிங்கப்பூரில் 'சந்தாப் பகிர்வு' என்ற பெயரில் விற்கப்படும் எல்லாமே இந்த வகை அல்ல. டிஷ் தேவையில்லாத ஆண்ட்ராய்டு பெட்டியும் அதோடு ஓர் ஆண்டுக் கட்டணமும்தான் இங்கே அதிகம் விற்கப்படுகின்றன. அதில் யாரோ ஒருவர் ஒளிபரப்பைப் பிடித்து, இணைய ஓடையாக மாற்றி, மறுவிற்பனை செய்கிறார். செயலியின் கடவுச்சொல்லைப் பலருக்கு விற்பது இன்னொரு வகை. ஊரிலிருந்தோ ஜொகூர் பாருவிலிருந்தோ உண்மையான பெட்டியையும் அட்டையையும் கொண்டுவந்து இங்கே பொருத்திக்கொள்வது மற்றொன்று. பணம் கட்டும் முன் விற்பவரிடம் இவற்றுள் எது என்று நேராகக் கேளுங்கள். சொல்ல மறுப்பவரிடமோ, 'எல்லாம் சட்டப்படிதான்' என்ற ஒரே வரியைத் திரும்பச் சொல்பவரிடமோ அதற்கு மேல் விசாரிக்கத் தேவையில்லை.

டிஷ் என்ற முதல் தடை

மலேசியாவின் ஆஸ்ட்ரோ சேவை, கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நிற்கும் மீயாசாட் செயற்கைக்கோள்கள் வழியாக வருகிறது. ஜொகூரில் விழும் அலை நீரிணையைத் தாண்டி உட்லண்ட்சிலும் விழத்தான் செய்யும். அலை விழுகிறது என்பதால் அதைப் பிடிக்கும் உரிமையும் நமக்கு உண்டு என்று ஆகிவிடாது. சிங்கப்பூரில் செயற்கைக்கோள் தொலைக்காட்சியைப் பெறும் கருவியை நிறுவுவதற்குத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் தேவை. தூதரகங்கள், நிதி நிறுவனங்கள், ஹோட்டல்கள் போன்ற சில வகை அமைப்புகள் அதைப் பெறலாம். சாதாரணக் குடும்பம் வீட்டுப் பொழுதுபோக்குக்காக டிஷ் வைக்க அனுமதி கிடைப்பதில்லை. ஆகவே, டிஷ்ஷோடு கூடிய எந்த ஏற்பாடும், அதிலுள்ள அட்டை உண்மையானதா பகிரப்பட்டதா என்ற கேள்வி எழும் முன்பே, இங்கே முறைதவறியதாகிவிடுகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியின் வெளிச்சுவரில் அனுமதியின்றி எதையும் பொருத்தக்கூடாது என்பது தனிச் சிக்கல்.

ஆஸ்ட்ரோவும் சரி, சன் டைரக்ட், டாட்டா பிளே போன்ற இந்தியச் சேவைகளும் சரி, தத்தம் நாட்டுக்கு மட்டுமே உரிமம் பெற்றவை. நிகழ்ச்சிகளின் உரிமை நாடுவாரியாக விற்கப்படுவதே இதற்கு அடிப்படை. ஒரு கிரிக்கெட் தொடரை இந்தியாவில் ஒளிபரப்பும் உரிமை ஒருவரிடமும், சிங்கப்பூரில் ஒளிபரப்பும் உரிமை வேறொருவரிடமும் இருக்கும். ஊரில் உள்ள அப்பாவின் பெயரில் எடுத்த சந்தா ஊரில் உள்ள அந்த வீட்டுக்கானது. ஒப்பந்தத்தில் அந்த முகவரியே எழுதப்பட்டிருக்கும்.

இங்கே ஒரு தவறான வாதத்தையும் தீர்த்துவிட வேண்டும். வெளிநாட்டு அட்டையைப் பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது எனச் சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் மதுக்கூடம் நடத்திய ஒருவர் கிரேக்க நாட்டு அட்டையைக் கொண்டு பிரிமியர் லீக் ஆட்டங்களைக் காட்டிய வழக்கில், 2011 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது உண்மைதான். அது ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளுக்கிடையே சேவைகள் தடையின்றிச் செல்ல வேண்டும் என்ற அவர்களின் ஒப்பந்தத்தை அடிப்படையாகக் கொண்டது. அந்த அட்டை முழுக் கட்டணம் கட்டி வாங்கியது. இணையத்தில் பலருக்குப் பகிரப்பட்டதும் அல்ல. அத்துடன், ஒளிபரப்பில் இடம்பெறும் பதிப்புரிமை பெற்ற பகுதிகளை மதுக்கூடத்தில் பொதுவில் காட்ட உரிமையாளரின் அனுமதி தேவை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. சிங்கப்பூரில் உள்ளவருக்கு அத்தீர்ப்பு எந்தப் பாதுகாப்பும் தராது.

சட்டம் யாரை நோக்கிக் கை நீட்டுகிறது

2021 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின் 150ஆம் பிரிவு இவ்விஷயத்தின் மையம். பதிப்புரிமையை மீறிய படைப்புகளை அடைய உதவும் கருவிகளையும் சேவைகளையும் வணிக நோக்கில் விற்பவர், விற்க முன்வருபவர், விநியோகிப்பவர் ஆகியோரை அது குறிவைக்கிறது. தனிமனிதர் ஒருவருக்கு 100,000 வெள்ளி வரை அபராதமோ, ஐந்து ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நிறுவனமாக இருந்தால் அபராதம் 200,000 வெள்ளி வரை போகும். பெட்டியை மட்டும் விற்றுவிட்டு, உள்ளே செயலியைப் பதிவது எப்படி என்று வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்தேன், நானாக எதையும் பதியவில்லை என்று தப்பிக்கும் வழியையும் அடைக்கும் வகையில் அப்பிரிவு எழுதப்பட்டுள்ளது.

இது காகிதத்தோடு நின்றுவிட்ட சட்டம் அல்ல. புதிய சட்டம் வருவதற்கு முன்பே, 2018இல் சிங்டெல், ஸ்டார்ஹப், ஃபாக்ஸ், பிரிமியர் லீக் ஆகியவை சேர்ந்து பெட்டி விற்பனையாளர்கள்மீது தனிப்பட்ட முறையில் குற்ற வழக்குத் தொடுத்தன. 2019இல் ஒரு நிறுவனத்தின் இயக்குநருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2022 அக்டோபரில் சிம் லிம் ஸ்குவேரில் காவல்துறை நடத்திய சோதனையில் 17 பேர் கைது செய்யப்பட்டதோடு, 2,500க்கும் அதிகமான பெட்டிகளும் பறிமுதல் செய்யப்பட்டன.

பதிப்புரிமைச் சட்டத்தோடு வேறு சட்டங்களும் குறுக்கிடுகின்றன. அனுமதியற்ற குறியவிழ்ப்புக் கருவிகளைக் கையாள்வது ஒலிபரப்புச் சட்டத்தில் குற்றம். 2004 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்த அமெரிக்க-சிங்கப்பூர்த் தடையற்ற வணிக உடன்பாட்டிலேயே, மறைகுறியாக்கப்பட்ட செயற்கைக்கோள் அலைகளைப் பாதுகாக்கத் தனிப் பகுதி ஒன்று உண்டு. கடவுச்சொல் விற்பனைக்குக் கணினி முறைகேட்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு பொருந்தக்கூடும். முறையற்ற ஆதாயத்துக்காக, அனுமதியின்றி, தெரிந்தே ஓர் அணுகு குறியீட்டை வெளியிடுபவருக்கு முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்க அது இடமளிக்கிறது.

வீட்டில் அமர்ந்து பார்ப்பவர் மட்டும் முற்றிலும் பாதுகாப்பாக இருக்கிறார் என்று கொள்ளவும் முடியாது. இதுவரையிலான நடவடிக்கைகள் பெரும்பாலும் விற்பவர்களை நோக்கியே இருந்துள்ளன. ஆனால் உரிமையாளர் உரிமையியல் வழக்குத் தொடுக்கும் வாய்ப்பு பார்ப்பவர்மீதும் உண்டு. விற்பனையாளரின் சர்வரில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் பெயர், இணைய முகவரி, பார்த்த அலைவரிசை, நேரம் ஆகியவை பதிவாகும் என்பதையும், அந்தச் சர்வர் பறிமுதலானால் அப்பட்டியலும் சேர்ந்தே போகும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

பணம் திரட்டிக் கொடுக்கும் நண்பருக்கு

தங்கும் விடுதியில் ஓர் அறையில் இருக்கும் தோழர்களுக்காகவோ, கோயில் நண்பர் குழுவுக்காகவோ, ஒருவர் பொறுப்பெடுத்துப் பணம் வாங்குகிறார். விற்பனையாளர் அவருக்கு கணக்குகள் திறப்பதற்கான 'கிரெடிட்'டை மொத்தமாகக் கொடுத்து, அவற்றை நிர்வகிக்க 'பேனல்' என்ற தனிப் பக்கம் ஒன்றையும் திறந்துவிடுகிறார். அவர் அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் கணக்கு உருவாக்கிக் கொடுக்கிறார். பத்துப் பேரைச் சேர்த்தால் தமக்கு இலவசம் என்பதே அவருக்குக் கிடைக்கும் ஒரே பலனாக இருக்கலாம். ஆனால், பணம் பெற்று, கணக்கு உருவாக்கி, சேவையை விநியோகிக்கும் ஒருவரைச் சட்டம் வாடிக்கையாளராகப் பார்க்காது, மறுவிற்பனையாளராகவே பார்க்கும். லாபம் சிறியது என்பது தண்டனையின் அளவைப் பற்றிய பேச்சில் உதவலாம். குற்றமே இல்லை என்று நிறுவ உதவாது.

பேநவ் வழியாக வந்த ஒவ்வொரு தொகையும் அவருடைய பெயரில், அவருடைய கைப்பேசி எண்ணில், தேதியோடு வங்கியில் பதிவாகியிருக்கிறது. உண்மையான விற்பனையாளரோ வெளிநாட்டில், புனைபெயரில் இருக்கிறார். விசாரணை என்று வந்தால் எளிதில் அடையாளம் காணத்தக்க ஒரே ஆள் இந்த நண்பர்தான். யாரென்று தெரியாத ஒருவருக்காகப் பணத்தைப் பெற்று வேறு கணக்குக்கு மாற்றி அனுப்புவது, 2023இல் கடுமையாக்கப்பட்ட கள்ளப்பணத் தடுப்புச் சட்டத்தின் கேள்விகளையும் கிளப்பும். கவனக்குறைவாக நடந்துகொண்டதே அங்கே குற்றமாகலாம்.

வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு இதைக் கூடுதல் அக்கறையோடு சொல்கிறேன். அனுமதி அட்டையில் குறிப்பிட்ட வேலையைத் தவிர வேறு தொழில் எதிலும் ஈடுபடக்கூடாது என்பது அந்த அனுமதியின் நிபந்தனை. அறைத் தோழர்களுக்குச் சீரியல் காட்டித் தருவதற்காக, முகவருக்குக் கடன்பட்டுக் கட்டிய தொகையையும், ஊரில் நம்பியிருக்கும் குடும்பத்தின் வருமானத்தையும் பணயம் வைக்க வேண்டாம். நீங்கள் இப்போது அந்த இடத்தில் இருந்தால், இன்றே புதிதாகப் பணம் வாங்குவதை நிறுத்துங்கள். மீதமுள்ள மாதங்களுக்கான தொகையை உங்கள் கையிலிருந்தே திருப்பிக் கொடுக்க நேர்ந்தாலும் கொடுத்துவிடுங்கள். உரையாடல்களையும் பணப் பதிவுகளையும் அழிக்காதீர்கள். அழித்தால் அதுவே தனிக் குற்றச்சாட்டாக மாறக்கூடும். தொகை பெரியதாக இருந்தாலோ காவல்துறையிடமிருந்து அழைப்பு வந்தாலோ, எதையும் எழுதிக் கொடுக்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். சமூக மன்றங்கள் பலவற்றில் இலவசச் சட்ட ஆலோசனை கிடைக்கிறது.

பெட்டி வீட்டுக்குள் செய்யும் வேலை

சட்டத்தைவிட அன்றாடம் நெருக்கமான ஆபத்து இது. 2023 ஜனவரியில், டி95 என்ற பெயரில் இணையச் சந்தைகளில் விற்கப்பட்ட மலிவு விலை ஆண்ட்ராய்டு பெட்டி, வாங்கும்போதே தீய மென்பொருளோடு வந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் வெளிப்படுத்தினார். பேட்பாக்ஸ் என்று பெயரிடப்பட்ட இத்தகைய மென்பொருளின் அடுத்த பதிப்பைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ பொது எச்சரிக்கையே விடுத்தது. இவை நம் வீட்டு இணைய முகவரியை அந்நியர்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. நம் வைஃபை வழியாக யாரோ மோசடி செய்தால் அதன் தடம் நம் வீட்டு வாசலில் வந்து முடியும்.

ஏற்கெனவே பெட்டி வைத்திருப்பவர்கள் இந்த வரிசையில் செயல்படலாம். முதலில் அதை வைஃபையிலிருந்து துண்டித்து, ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அந்தப் பெட்டியில் கூகுள் கணக்கைப் பதிந்திருந்தால், வேறொரு நம்பகமான கருவியிலிருந்து அக்கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, பெட்டியின் அணுகலை நீக்கிவிடுங்கள். விற்பனையாளரின் தளத்தில் கடன் அட்டை எண் கொடுத்திருந்தால் வங்கியை அழைத்து அட்டையை மாற்றச் சொல்லுங்கள். விற்பனையாளர் அனுப்பிய ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) எதையேனும் கைப்பேசியில் நிறுவியிருந்தால் அதை இன்னும் அவசரமாகக் கவனிக்க வேண்டும்: வங்கிச் செயலியும் சிங்பாஸும் இருக்கும் அதே கைப்பேசியில் அந்தக் கோப்பு இருக்கக்கூடாது. சந்தேகம் இருந்தால் கைப்பேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பதே பாதுகாப்பு. மோசடியா என்று கேட்க 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண் உண்டு.

முறையான வழிகளைத் தேடும்போது

வசந்தம் ஒளிவழி இலவசம். அதன் நிகழ்ச்சிகளை மீவாட்ச் தளத்திலும் பார்க்கலாம். தொலைக்காட்சி உரிமக் கட்டணம் 2011லேயே நீக்கப்பட்டுவிட்டது. சன் டிவி உள்ளிட்ட தமிழகத்து அலைவரிசைகளைச் சிங்டெல்லும் ஸ்டார்ஹப்பும் தொகுப்புகளாகத் தருகின்றன. சன் நெக்ஸ்ட் போன்ற செயலிகளுக்கு வெளிநாட்டு நேயர்களுக்கெனத் தனிக் கட்டணம் உண்டு. அம்மா உண்மையில் பார்ப்பது இரண்டு தொடர்கள்தான் என்றால், முன்னூறு அலைவரிசைக்குக் கட்டும் கள்ளச் சந்தாவைவிட ஒரு செயலியின் முறையான கட்டணம் குறைவாகவே முடியக்கூடும். வீட்டில் ஒரு வாரம் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று குறித்துவைத்துக்கொண்டு, அதன் பிறகு தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள்.

முறையான கணக்கையும் விதிப்படியே பகிர வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 2023 மே முதல் சிங்கப்பூரில் ஒரு கணக்கை ஒரே வீட்டாருக்கு மட்டும் என்று வரையறுத்து, வெளியில் உள்ளவரைச் சேர்க்கக் கூடுதல் கட்டணம் வாங்குகிறது. மணமாகித் தனி வீடு போன மகளுக்குக் கடவுச்சொல் கொடுப்பதும், முன்பின் தெரியாதவர்களுக்கு விற்பதும் ஒரே தரத்தவை அல்ல. முதலாவது பெரும்பாலும் ஒப்பந்த மீறலோடு நின்று கணக்கு முடக்கத்தில் முடியும், இரண்டாவது குற்றத்தின் எல்லைக்குள் போகும். உணவகமும் முடிதிருத்தும் கடையும் நடத்துபவர்கள் வீட்டுச் சந்தாவைக் கடையில் ஓடவிடக்கூடாது. வணிக இடத்துக்கான சந்தா வேறு, விலையும் வேறு. சிராங்கூன் சாலையில் ஒரு கடையின் திரை கடந்துபோகும் எவருக்கும் தெரியும் என்பதால் கடைக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

புதிய தொகுப்பில் கையெழுத்திடும் முன் மூன்று விவரங்களை எழுத்தில் வாங்குங்கள்: ஒப்பந்தக் காலம் எத்தனை மாதம், இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, ஒப்பந்தக் காலத்துக்குள் ஓர் அலைவரிசை நீக்கப்பட்டால் கட்டணமின்றி விலக முடியுமா. முறையான நிறுவனத்தோடு தகராறு வந்தால் முதலில் அந்நிறுவனத்திடமும், பிறகு சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடமும் செல்லலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள், சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இன்றித் தாமே தாக்கல் செய்யலாம். அங்கே எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும், ஒப்பந்தமும், பணம் கட்டிய ரசீதும் கேட்கப்படும்.